கண்ணாடி இல்லாத நாற்காலி

அண்ணன் மேல் எவ்வளவு கோபம் என்று யாராவது கேட்டால் சின்ன மீசை வாயால் சொல்ல மாட்டார். கடைத் தரையைக் காட்டுவார். அங்கே நாலு ஓட்டை இருக்கும். இரும்பு நாற்காலியைத் தரையோடு முடுக்கி வைத்திருந்த போல்ட்டுகளின் ஓட்டை. நாற்காலி போய் எத்தனையோ வருஷமாயிற்று. ஒரு கை சிமெண்ட் போட்டால் அடைந்துவிடும். அடைக்க மாட்டார். மேலே ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்திருப்பார். தினமும் கூட்டும்போது வாளியை நகர்த்தி, ஓட்டைக்குள் சிக்கிய முடியைக் குச்சியால் நோண்டி எடுத்து, ஒரு மூச்சு முனகிவிட்டு, வாளியைத் திரும்ப அதே இடத்தில் வைப்பார். கோபம் ஆறிப்போகாமல் பார்த்துக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி அது.

அப்பா விட்டுப்போன சலூன். இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடி. ஜன்னல் பக்கத்து நாற்காலி அண்ணனுடையது. அண்ணனுக்கு அப்படி ஒரு மீசை. இரண்டு முனையும் மெழுகு தடவி முறுக்கிவிட்டு நின்றாரானால் கடைக்கு வேறு பலகை வேண்டாம். பலகையில் ஏதோ பேர் எழுதித்தான் இருந்தது, அதை யாரும் படித்ததில்லை. ‘மீசை கடை’ என்றால் சின்னக் குழந்தைகூட வழி காட்டும். அந்த வகையில்தான் தினமும் மழமழவென்று மழித்துக்கொள்ளும் தம்பிக்கும் ‘சின்ன மீசை’ என்று பேர் ஒட்டிக்கொண்டது.

“இல்லாத மீசைக்கு எதுக்குய்யா பேரு?” என்று முதலில் சண்டை போட்டுப் பார்த்தார். சண்டை போட்ட பிறகு எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் அந்தப் பேர் காதில் விழுந்தால் அவருக்குப் பல்லைக் கடிக்க வரும்.

அண்ணனுக்குக் கர்வம் கையில். தன் கத்தி ஒரு கன்னத்திலும் ரத்தம் பார்த்ததில்லை என்று நாலு பேர் காதில் விழச் சொல்லுவார். தம்பிக்குக் கர்வம் தலையில். நடு உச்சியில் விழுந்த வழுக்கையை மறைக்க இடப்பக்கத்து முடியை நீளமாக வளர்த்து வலப்பக்கம் வரை இழுத்து ஒட்டியிருப்பார். காற்றடித்தால் தலையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். ஊர்த் தலையெல்லாம் அவர் கைக்கு வரும், தன் தலையை மட்டும் இன்னொரு கைக்குக் கொடுத்ததில்லை.

அப்படி ஓடிக்கொண்டிருந்த கடைக்கு ஒரு நாள் மனநல மருத்துவமனையின் தலைமை சிஸ்டர் வந்தார். வழக்கமாக வருகிறவர் நின்றுவிட்டாராம். வாரத்துக்கு ஒரு நாள் வார்டில் இருக்கிறவர்களுக்கு முடி வெட்ட ஆள் வேண்டும்.

அண்ணன் கத்தியைத் தோல் பட்டையில் தீட்டிக்கொண்டே சொன்னார். “அம்மா, இது மாப்பிள்ளைங்க கன்னத்துல போற கத்தி.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். சிஸ்டர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளிலிருந்து பிடித்தது வினை. அண்ணன் தினமும் ஷட்டரைத் தூக்கும் முன் அதில் நெற்றியை வைத்து ஜெபம் பண்ணுவார். தம்பி தண்ணீர்க் குடத்தோடு பின்னால் நிற்பார். ஆண்டவர் விஷயம் அண்ணன் இலாகா, தண்ணீர் விஷயம் தம்பி இலாகா என்பது ஏற்பாடு. அன்றைக்கு நெற்றி எழுந்திருக்கவேயில்லை. குடம் இடுப்பை அறுத்தது.

“அண்ணே, ஆண்டவருக்கும் கொஞ்சம் வேற வேலை இருக்கும்.”

“போன்னு சொல்றார்டா.”

“எங்க?”

“அங்கதான்.”

“எந்தக் குரல்ல சொன்னாரு?”

“குரல் ஒண்ணும் கேக்கல. நான் வேற எதைக் கேட்டாலும் பதில் வரமாட்டேங்குது. அந்த ஒரு பேச்சு மட்டும் நடுவுல வந்து நிக்குது.”

அண்ணன் போகவில்லை. வேறு என்னென்னவோ செய்து பார்த்தார். புதுசாக ஒரு முடிவெட்டும் மெஷின் வாங்கி மருத்துவமனைக்கு அனுப்பினார். பக்கத்துத் தெரு சலூன்காரரிடம் கெஞ்சிப் பார்த்தார். அவர், “ஏன், உங்க கத்தி பயப்படுதா?” என்று கேட்டுவிட்டார். அதுதான் உண்மையும். அண்ணனுக்கு உள்ளூர நடுக்கம். வெளியே சொன்னால் மீசைக்கு மரியாதையா? நாளுக்கு நாள் முகம் கறுத்தது. கடைசியில் ஒரு காலையில், வழக்கமாக வரும் பெரியவர் ஒருவரின் காது மடலில் கத்தி பட்டு ரத்தம் வந்தது. சின்னக் கீறல்தான். பெரியவர்கூடப் பொருட்படுத்தவில்லை. அண்ணன் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது கடை நிறைய ஆள். ஒரு மாப்பிள்ளையும் அவர் கூட்டாளிகளும் வந்து அண்ணனுக்காகக் காத்திருந்தார்கள். வாசலில் வந்து நின்ற அண்ணனுக்கு மீசை ஒரு பக்கம்தான் இருந்தது. மறுபக்கம் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. தலைமுடி படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கிக் கிடந்தது.

கூட்டாளிகளில் ஒருவன் எட்டிப் பார்த்துக் கேட்டான். “அண்ணே, மீதி எப்ப வரும்?”

கடை குலுங்கியது. சின்ன மீசைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அண்ணனை உள்ளே இழுத்து, “உக்காரு, ஒரு நிமிஷத்துல மழிச்சு விடறேன்” என்றார் பல்லுக்குள்.

“வேணாம்டா. இப்படியே இருக்கட்டும்.”

“மாப்பிள்ளை உக்காந்திருக்கான் அண்ணே!”

“இருக்கட்டும்டா.”

மாப்பிள்ளை எழுந்து வேறு சலூனுக்குப் போனார். கூட்டமும் பின்னால் போயிற்று. சின்ன மீசை ஷட்டரைப் பாதி இறக்கினார். மீசை மறுபடி முளைக்கும் வரை கடை அப்படித்தான் நடந்தது. வருகிறவர்கள் முதுகை வளைத்து நுழைய வேண்டும். முளைத்த மீசையையும் அண்ணன் மறுபடி அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அப்புறம் ஒரு நாள் ஸ்பேனரை எடுத்து ஜன்னல் பக்கத்து நாற்காலியைக் கழற்ற ஆரம்பித்தார். அதை வார்டுக்குக் கொண்டுபோகிறாராம். தானும் அங்கேயே அதிக நாள் இருக்கப் போகிறாராம். மிச்ச நாளில் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்கு வெட்டுவாராம்.

அன்றைக்குத் தள்ளுவண்டியில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனது தம்பிதான். கோபம் ஒரு பக்கம், நாற்காலியை அண்ணன் தனியாகத் தூக்கினால் இடுப்பு போய்விடும் என்ற கவலை ஒரு பக்கம். வார்டின் கோடியில் ஒரு ஸ்டூலில் கதவைப் பார்த்தபடி ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். முன்னாளில் கட்டட வேலை பார்த்தவர். அங்கே எல்லோரும் மேஸ்திரி என்பார்கள். சின்ன மீசை நாற்காலியை இறக்கிவிட்டு, தன்னை அறியாமல் அந்த ஆளின் பின்னால் போய் நின்றார். சலூன்காரன் கால் அப்படித்தான் போகும். உட்கார்ந்திருக்கும் தலையைக் கண்டால் அதன் பின்பக்கம் போய் நிற்கும். நின்றதுதான் தெரியும். அடுத்த கணம் அவர் முதுகு சுவரில் இருந்தது. மேஸ்திரியின் முழங்கை அவர் தொண்டையில் இருந்தது. அண்ணன் ஓடி வந்து பேசிப் பேசித்தான் அந்தக் கை இறங்கியது.

முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றால் மேஸ்திரிக்கு ஆகாது என்று அப்புறம் சொன்னார்கள். முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். சின்ன மீசை அதன் பிறகு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. காலர் பட்டன் இறுக்கமாக இருந்தால் இன்றும் அவருக்கு மூச்சு முட்டும்.

அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுவிடவில்லை. சாப்பிட்டியா, மழை வருமா, அந்த அளவில் இருந்தது. வாளி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்படி இருக்கையில் அண்ணனுக்கு நெஞ்சில் நீர் கோத்து, படுக்கையை விட்டு எழுந்தால் இரைக்க ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை அண்ணி கடைக்கு வந்தார். அவர் கடைக்கு வருகிற ஆள் இல்லை. வாசலிலேயே நின்றார்.

“தம்பி, உங்க அண்ணன் சட்டையைப் போட்டுக்கிட்டுச் செருப்பைத் தேடறாரு. அந்த மேஸ்திரிக்கு முடி வெட்டப் போறாராம். நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க.”

சின்ன மீசை போனபோது அண்ணன் கட்டில் விளிம்பில் சட்டையும் செருப்புமாக உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெட்டி. மீசை ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் கட்டை.

“மேஸ்திரிக்கு முடியெல்லாம் சடை பிடிச்சு, தலையில புண்ணு வந்துடுச்சாம்டா” என்றார். “நான் போகாம எவ்வளவு நாளாச்சு! இனிமே விட்டா விஷமாயிடும். திங்கக்கிழமை ஊசி போட்டுப் பிடிச்சுக் கட்டித்தான் மழிக்கணும்னு சிஸ்டர் சொல்லி அனுப்பியிருக்காங்க. அவங்க மேல தப்பில்ல, அவங்களும் என்ன செய்வாங்க? ஆனா முன்னாடி ஒரு தரம் அப்படிக் கட்டினப்ப அவன் சோறு தண்ணி தொடாம சாகக் கிடந்தான். இந்தத் தரம் தாங்க மாட்டான்.”

“அதுக்கு நீ சாகணுமா?”

“அப்ப நீ போ.”

அண்ணி சுவரோரமாக நகர்ந்து நின்றார்.

“கடையைப் பாதியா உடைச்சுட்டுப் போனவன் நீ” என்றார் சின்ன மீசை. “ஆண்டவர் உன்கிட்டதானே சொன்னாரு? என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. உன் இலாகா அது.”

“என்கிட்டயும் அவர் சத்தமா சொல்லலடா.”

“எனக்குப் பயமா இருக்கு அண்ணே. போதுமா? சொல்லிட்டேன்.”

“எனக்கும்தான். அந்தக் கதவைத் தாண்டறப்ப ஒவ்வொரு தரமும் எனக்குக் கால் உதறும். தைரியம் வரட்டும், அப்புறம் போகலாம்னு இருந்திருந்தா நான் இன்னும் உன் கடை ஜன்னல்கிட்டயே நின்னுட்டிருப்பேன்.” இரைப்பு தணியக் காத்திருந்துவிட்டுச் சொன்னார். “அவன் முதல்ல உன்னை உக்காரச் சொல்லுவான். உக்காரு. அவன் உன் பின்னால நின்னு வெட்டுவான். நீ பொறுத்துக்கிட்டா, அப்புறம் உன்னைத் தன் பின்னால நிக்க விடுவான். தொடறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத் தொடு. அவ்வளவுதான் வேலை.”

“பைத்தியமா நான், அவன் கையில கத்திரியக் குடுக்க!”

சின்ன மீசை கிளம்பிவிட்டார். வரும்போது அண்ணன் காலிலிருந்து செருப்பைக் கழற்றி, எட்டாத உயரத்தில் பரண் மேல் வைத்துவிட்டு வந்தார்.

ஞாயிறு காலை. கடைக்குக் கூட்டம் வரும் நாள். சின்ன மீசை ஷட்டர் பூட்டில் சாவியை வைத்தார். திருகவில்லை. கை திருகவில்லை என்று சொல்ல வேண்டும். முடி வெட்டும்போது ஒரு இடத்தில் கத்திரி கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டால், பார்ப்பதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தது அவருக்கு. குரல் இல்லை, ஒன்றும் இல்லை. இந்த ஷட்டரை இப்போது தூக்கினால் தப்பு என்று மட்டும் தெரிந்தது. நெற்றியை ஷட்டரில் வைத்தார். தகரம் சில்லென்றிருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், “எனக்குப் பழக்கமில்ல, பார்த்துக்க” என்றார். சாவியை உருவினார்.

மருத்துவமனை வாசல் வரை போய்த் திரும்பினார். பாதித் தெரு வந்து மறுபடி போனார். காவலாளி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “உள்ளயா, வெளியயா? ஒண்ணுல நில்லுங்க” என்றான்.

சிஸ்டர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். “உங்களுக்கு வேணாம்னு தோணினா எப்ப வேணா நிறுத்திடலாம்” என்றார். முனை மழுங்கிய கத்திரி ஒன்றைத் தானே எடுத்துக் கொடுத்தார். இரண்டு ஆட்கள் கதவோரம் நின்றார்கள்.

வார்டின் நடுவில் அந்த நாற்காலி. கைப்பிடியில் அப்பா சுற்றிய தோல் இன்னும் இருந்தது. எதிரே கண்ணாடி இல்லை. வார்டுக்குள் கண்ணாடி வைக்க மாட்டார்கள். வெறும் வெள்ளைச் சுவர்.

மேஸ்திரி சுவரில் முதுகை ஒட்டி நின்றிருந்தார். உடம்பு வற்றியிருந்தது. தலையில் சடை கட்டி, காதுக்குப் பின்னால் புண் சிவந்து பளபளத்தது. சின்ன மீசையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு விரலை நீட்டி நாற்காலியைக் காட்டினார்.

சின்ன மீசை கத்திரியின் பிடியைத் திருப்பி நீட்டினார். மேஸ்திரி வாங்கிக்கொண்டார். சின்ன மீசை நாற்காலியில் உட்கார்ந்தார். தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பேரை உட்கார வைத்திருப்பார். உட்கார்ந்தவனுக்குப் பிடரி இவ்வளவு திறந்து கிடக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடையில் என்றால் எதிரே கண்ணாடி இருக்கும். பின்னால் நிற்பவன் முகம் தெரியும், கை தெரியும். இங்கே சுவர் மட்டும். காலடி ஒன்று பின்னால் வந்தது. இன்னொன்று வந்தது. நின்றது.

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கழுத்தில் மூச்சுக் காற்று பட்டது. இரும்பு காதைத் தொட்டது. சின்ன மீசை கைப்பிடித் தோலை இறுகப் பிடித்தார். எழுந்து ஓடினால் கதவு பத்தடிதான். ‘பார்த்துக்க, பார்த்துக்க’ என்று உள்ளுக்குள் அந்த ஒரே பேச்சு.

“பின்னால யாரு?” என்றார் மேஸ்திரி.

“நீங்கதான்.”

“நான் யாரு?”

“மேஸ்திரி.”

“தெரிஞ்சா சரி.”

கத்திரி கரகரத்தது. முதல் வெட்டில் போனது என்ன என்று சின்ன மீசைக்குப் பார்க்காமலே தெரிந்தது. இடமிருந்து வலமாகப் பாலம் கட்டியிருந்த அந்த நீள முடி மொத்தமாக மடியில் விழுந்தது. உச்சியில் காற்று பட்டது. கதவோரம் நின்றவர்களில் ஒருவர் இருமலை அடக்குவது போல் வாயைப் பொத்தினார். சின்ன மீசை மடியில் கிடந்த முடியைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. கத்திரி இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் எடுத்துக்கொண்டே போனது. கடைசியில் மேஸ்திரி முன்னால் வந்து, கட்டிய சுவரைத் தள்ளி நின்று பார்ப்பது போல் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தலையாட்டினார். கத்திரியைக் கொடுத்தார். நாற்காலியில் தானே வந்து உட்கார்ந்தார்.

இனிமேல் தன் வேலை என்றதும் சின்ன மீசைக்குப் பழைய தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தில்தான் தப்பும் செய்தார். நாற்பது வருஷப் பழக்கம். சொல்லாமல் உச்சியில் இரண்டு விரலை வைத்துத் தலையை முன்னால் சாய்த்தார்.

மேஸ்திரியின் கை பின்னால் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. எலும்பு நொறுங்கும் பிடி. கதவோரம் நின்றவர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள். சிஸ்டர் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார்.

“பின்னால யாரு?”

“நான்தான்” என்றார்.

பிடி இன்னும் இறுகியது. நான் என்றால் யார்? அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? தன் சொந்தப் பேரைச் சொல்ல வாயெடுத்தார். அதுவும் இங்கே யாருக்கும் தெரியாது. சின்ன மீசை ஒரு தரம் கண்ணை மூடினார்.

“மீசைக்குத் தம்பி” என்றார். “சின்ன மீசை.”

விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

“தலையைச் சாய்க்கப் போறேன்” என்றார் சின்ன மீசை. “இப்ப காதுகிட்ட வரேன். இப்ப புண்ணு பக்கம். வலிச்சா சொல்லுங்க.” வாழ்நாளில் எந்த வாடிக்கைக்காரரிடமும் அவர் இவ்வளவு பேசியதில்லை. சடை சடையாக முடி விழுந்தது. கட்டாமல், ஊசி போடாமல், ஒரு மனுஷன் தலை மனுஷத் தலையாக வெளியே வந்தது. சிஸ்டர் மருந்துக் கிண்ணத்தோடு, “நான் பின்னால வரேன், சிஸ்டர்தான்” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணி கதவைத் திறந்தார். கட்டிலருகே போய்க் கைக்குட்டையை அவிழ்த்தார். அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். அண்ணன் சிரித்தார். சிரித்துச் சிரித்து இரைத்து, அண்ணி ஓடி வந்து நெஞ்சை நீவிவிட வேண்டியதாயிற்று.

“பாலத்தை இடிச்சுட்டானா?”

“சிரி, நல்லா சிரி. அண்ணி, அந்தப் பெட்டியில மெஷின் இருக்கும், எடுங்க. மொட்டையே அடிச்சுக்கறேன். நாளைக்கு இந்தத் தலையோட கடையில நிக்க முடியுமா?”

அண்ணன் சிரிப்பு நின்றது. தம்பியின் கையைப் பிடித்தார். மேஸ்திரி பிடித்த அதே மணிக்கட்டு.

“வேணாம்டா. அவன் அடுத்த வாரம் உன் தலையைத்தான் முதல்ல பார்ப்பான். அவன் செஞ்சதை நீ சரிபண்ணியிருந்தா, உக்காந்தது பொய்னு நினைச்சுக்குவான். அப்புறம் யாரையும் பின்னால விட மாட்டான். நான் அன்னிக்கு மீசையைத் தொட விடாதது அதுக்குத்தான்.”

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னா கேட்டிருப்பியா?”

கேட்டிருக்க மாட்டார்தான். மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அண்ணி மெல்ல அதைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார். சின்ன மீசை உச்சியைத் தடவிப் பார்த்தார். ஒரு பக்கம் முள், ஒரு பக்கம் வெறும் தோல். நாளைக்கு யார் யார் வருவார்கள், என்னென்ன கேட்பார்கள் என்று ஒவ்வொரு முகமாக வந்து போயிற்று. வார்டு நாற்காலியில் வந்த நடுக்கம் ஒரு விதம். இது வேறு விதம்.

அந்த வாரம் முடிவதற்குள் அண்ணன் போய்ச் சேர்ந்தார். நடுவில் வலி மருந்தின் மயக்கத்தில் ஏதேதோ பேசியிருப்பார். தம்பியிடம் தெளிவாகப் பேசியது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி. அன்றைக்குச் சின்ன மீசை கைக்குட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டு வாசல்படி வரை போய்விட்டார். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“டேய், நாளைக்கு ஷட்டரை முழுசாத் தூக்கு. பாதி தூக்கிட்டு உள்ள போய் ஒளிஞ்சுக்காத.”